தீப்பெட்டிக்குள் பொன்வண்டு, கேம் பாய்க்குள் போக்கிமான்

உலகம் முழுவதும் சிறுவர்கள் ‘போக்கிமான்’ என்று அழைக்கும் ஜப்பானிய நிகழ்பட விளையாட்டு, பூச்சி பிடிக்கும் பிள்ளைப் பழக்கத்திலிருந்து பிறந்தது. அதை உருவாக்கிய சடோஷி தஜிரி 1965இல் பிறந்தவர்; டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வயலும் குளமும் கட்டடங்களாக மாறிவந்த காலத்தில் வளர்ந்த அவர், வண்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்ததால் கூட்டாளிகளிடம் ‘பூச்சி டாக்டர்’ என்று பெயர் வாங்கினார். பின்னாளில், நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் பாய்’ என்னும் கையடக்கக் கருவிகள் இரண்டை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவதாக அவர் கற்பனை செய்தார். 1996 பிப்ரவரி 27 அன்று வெளிவந்த விளையாட்டுக்கு அதுவே வித்து.

முதலில் எண்ணிய ‘கேப்சூல் மான்ஸ்டர்ஸ்’ என்ற பெயர் வணிகக்குறிச் சிக்கலால் கைவிடப்பட்டு, சட்டைப்பையில் அடங்கும் பூதங்கள் எனப் பொருள்படும் ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’ ஆனது; அவ்விரு சொற்களின் முன்பகுதிகளை ஒட்டிய சுருக்கமே போக்கிமான். உள்ளிருக்கும் உயிர்களுக்கும் இவ்வாறே பெயர் அமைந்தது: நெருப்பைக் குறிக்கும் ‘ஹி’, பல்லியினத்தைக் குறிக்கும் ‘தொகாகே’ இரண்டும் சேர்ந்து, வால்நுனியில் தீ எரியும் ‘ஹிதொகாகே’ உருவானது.

தமிழ்ப் பிள்ளைகளின் ‘பொன்வண்டு’ என்ற பெயரும் அப்படிப்பட்ட கூட்டுச்சொல்தான். அழகில் அவ்வண்டு எதற்கும் குறைந்ததன்று. கல்வராயன் மலையடிவாரம் போன்ற வறண்ட புதர்க்காட்டுப் பகுதிகளில் மழைக்காலத்தில் வெளிப்படும் இவ்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து, கொடுக்காப்புளி இலை போட்டு, அரிசிபோல் முட்டையிடுகிறதா என்று திறந்து திறந்து பார்ப்பது தமிழ்நாட்டுச் சிறுவர்களின் பழைய வழக்கம். அதன் பச்சை மினுமினுப்பு சாயத்தால் வருவதன்று. மேலோட்டின் நுண்ணடுக்குகள் ஒளியைப் பிரதிபலிக்கும் விதத்தால் தோன்றும் இந்நிறத்தை அறிவியல் ‘கட்டமைப்பு நிறம்’ என்கிறது, ஆகவேதான் வண்டு இறந்த பின்னும் பச்சை மங்குவதில்லை. மண்ணுக்குள் வேரைத் தின்று நெடுநாள் புழுவாக வாழும் அது, வெளியே வந்தபின் சில வாரங்களே உயிரோடிருக்கும்.

முதல் போக்கிமான் விளையாட்டின் 151 உயிர்களுக்கும் பெயர்ப்பட்டியல் உண்டு. அதுபோலவே, கல்வராயன் மலைப் பெரியவர்கள் வண்டுகளுக்கு வழங்கும் பெயர்களையும் கள்ளக்குறிச்சி மாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டு எழுதிவைக்க வேண்டும். எழுதி முடித்ததும் வண்டை, எடுத்த கிளையிலேயே விட்டுவிடட்டும்.