ஒரே சுவர், இரண்டு அறிக்கை

பழைய வீட்டை வாங்குவதற்கு முன் வீட்டு ஆய்வாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டுவோர் இப்போது உண்டு. அவர் சிறு கருவி ஒன்றைச் சுவரில் அழுத்துகிறார். எண் ஒன்று தெரிகிறது. "சமையலறைச் சுவரில் ஓதம், பின்பக்கம் விரிசல்" என்று எழுதுகிறார். வீட்டுக்காரருக்கு முகம் சிவக்கிறது. "மூன்று வருஷத்துக்கு முன்னே ஒருத்தர் பார்த்து, எல்லாம் சரின்னு எழுதிக் கொடுத்தாரே!" என்று பழைய தாளை நீட்டுகிறார். தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்து, சேமநிதிப் பணத்தில் ஈஜோக்கிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ வாங்கிய தாமான் வீடு என்றால், அந்தக் கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆய்வாளர் எழுதும் ஒரு வரியால் பேசிய விலை பல்லாயிரம் ரிங்கிட் இறங்கலாம்.

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறாரா? பெரும்பாலும் இல்லை. முதலில் அந்தக் கருவியைப் பார்ப்போம்.

அதன் நுனியில் இரண்டு ஊசிகள். அவற்றுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதையே அது அளக்கிறது. மாணவர்கள் பள்ளியில் படிக்கும் அதே மின்தடைதான். ஈரம் கூடினால் தடை குறையும். கருவி அதை விழுக்காடாக மாற்றிக் காட்டும். ஆனால் அந்த விழுக்காடு பொதுவாக மரத்துக்காகக் கணக்கிடப்பட்டது. பலகையில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் என்று கவலைப்படலாம். சிமெண்டுப் பூச்சில் அதே 20 தெரிந்தால், 'இந்த இடம் அந்த இடத்தைவிட ஈரம்' என்று ஒப்பிட மட்டுமே உதவும். போதாததற்கு, உப்பும் ஏமாற்றும். வெள்ளையாக உப்புப் பூத்த சுவரில் கொஞ்சம் ஈரம் இருந்தாலே எண் தாவி ஏறிவிடும். அன்று வேறு வகைக் கருவி, வறண்ட மாதம், இன்று மழைக்காலம். எண்கள் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம்.

உப்புக்கு ஏமாறாத சோதனையும் இருக்கிறது. சுவரைத் துளைத்து எடுத்த தூளை, மூடிய குடுவையில் கால்சியம் கார்பைடுடன் சேர்த்துக் குலுக்குவார்கள். தூளில் உள்ள நீருக்கு ஏற்ப அசெட்டிலின் வாயு உண்டாகும். அதன் அழுத்தம் ஈரத்தின் அளவைச் சொல்லிவிடும். என்ன, சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்!

விரிசலின் கதை நம் வட்டாரத்து மண்ணில் தொடங்குகிறது. கோலசிலாங்கூர் கரையோரம் மென்மையான கடல் களிமண். உட்புறம், ராஜா மூசா பக்கம், மக்கிய மரமும் இலையும் சேர்ந்த தானா கம்புட். களிமண்மேல் பாரம் ஏற்றினால் அதிலுள்ள நீர் ஆண்டுக்கணக்கில் மெல்லப் பிழிந்து வெளியேறும், தரை இறங்கும். தானா கம்புட்டில் வடிகால் வெட்டி நீரை இறக்கினால் அது சுருங்கும். காற்றுப்பட்டு மக்கிக் கரைந்தும் போகும். இத்தகைய மண்ணில் வீட்டைப் பைல் அடித்து நிறுத்துவார்கள். பிறகு நாம் பின்னால் இழுத்துக் கட்டும் சமையலறைக்குப் பல சமயம் பைல் இருப்பதில்லை. வீடு நிற்கும், சமையலறை இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் பிளவு விழும்; பெரும்பாலும் மேலே அகலமாக, கீழே மெல்லியதாக. பூசிச் சாயம் அடித்த மறுமாதம் வந்த ஆய்வாளர் கண்ணில் அது படாது. மூன்று வருடம் கழித்து வருபவருக்குத் தெரியும்.

பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுப்படி, 1 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் சாயம் அடிக்கும்போது மறையக்கூடியது. 5-ஐத் தாண்டினால் சுவரின் ஒரு பகுதியை உடைத்துக் கட்ட நேரலாம். 15-ஐத் தாண்டினால் பெரிய வேலை. அகலத்தைவிட முக்கியமான கேள்வி, விரிசல் இன்னும் நகர்கிறதா என்பது. ஒரே நாளில் வந்து போகும் யாராலும் அதைச் சொல்ல முடியாது.

நல்ல ஆய்வாளர் கோபக்கார வீட்டுக்காரரிடம் வாதம் செய்வதில்லை. "அந்தப் பழைய அறிக்கையைக் கொடுங்கள் ஐயா" என்று கேட்டு வாங்கி, தேதியையும், எதை எதைப் பார்க்கவில்லை என்ற பகுதியையும் படிப்பார். அலமாரி மறைத்த சுவர் அதில்தான் இருக்கும். பிறகு அவர் கண்முன்னே முதலில் காய்ந்த சுவரில் கருவியை வைத்துக் காட்டி, அப்புறம் சர்ச்சைக்குரிய இடத்தில் வைப்பார். கண்டதை ஒரு பத்தியில், ஊகித்ததை வேறு பத்தியில் எழுதுவார். முன்னவர் தவறு செய்தார் என்று எழுதமாட்டார். வீட்டுக்காரர் சத்தம் போட்டார் என்பதற்காகத் தன் வரியை மழுப்பவும் மாட்டார். அறிக்கை காசு கொடுத்தவருக்கே உரியது. வாங்குபவர் சம்மதிக்காமல் விற்பவருக்குப் பிரதி தருவதும் முறையல்ல.

1976-இல் தொடங்கிய அமெரிக்க வீட்டு ஆய்வாளர் சங்கத்தின் நெறிமுறை, ஆய்வு செய்த வீட்டில் ஓராண்டுக்குக் காசு வாங்கிப் பழுதுபார்க்கக் கூடாது என்கிறது. இங்கேயும் ஆய்வு செய்தவரே "நானே சரிபண்ணித் தருகிறேன்" என்று விலை சொன்னால், அந்த அறிக்கையைச் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

வீட்டை விற்க எண்ணுபவர் இன்றே ஒரு வேலை செய்யலாம். விரிசலின் இருபக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைவெளியை அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுதிப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை திரும்ப அளங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே அளவு என்றால், விலை பேசும் மேசையில் அந்தப் படங்களை எடுத்து வைக்கலாம். கூடிக்கொண்டே போனால், பதிவுபெற்ற பொறியாளரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது.