துணை இறந்த பின் வீடு யாருக்கு? இருவர் பெயரில் இருந்தாலும் தானாக வந்துவிடாது

கம்போங் ராஜா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் தாப்பாவிலோ ஈப்போவிலோ ஒரு வீடு வாங்கிப் போட்ட தம்பதியர் உண்டு. கிராண்டில் இருவர் பெயரும் இருந்தால், ஒருவர் இறந்ததும் வீடு மற்றவருக்கே சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. மலேசிய நிலச் சட்டப்படி இருவருக்கும் ஆளுக்கொரு பங்கு. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குத்தான் பிரியும்.

அமெரிக்காவில் தம்பதியர் உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்டில் வைப்பது வழக்கம். ஒருவர் இறந்ததும், சில டிரஸ்டுகள் இரண்டாகப் பிரியும். இருப்பவர் தன் பகுதியை மாற்றலாம், இறந்தவரின் பகுதியில் கை வைக்க முடியாது. இங்கும் டிரஸ்ட் அமைக்கலாம்தான். ஆனால் ஒரு வீடும் கொஞ்சம் சேமிப்பும் உள்ள குடும்பத்துக்கு உயிலே போதும்.

உயில் இல்லாவிட்டால், முஸ்லிம் அல்லாதவர்களின் சொத்தை 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. கணவர் 90,000 வெள்ளி சொத்து விட்டுச் செல்கிறார், மனைவியும் 3 பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, 30,000 வெள்ளி. மீதி 60,000 பிள்ளைகளுக்கு. அவருடைய தாயார் மட்டும் இருந்தாலும் கணக்கு மாறும்: தாயாருக்குக் கால் பங்கு 22,500, மனைவிக்கு அதே 22,500, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளைகள் இல்லாமல் பெற்றோர் இருந்தால் மனைவிக்குப் பாதி, அவர்களுக்குப் பாதி. மனைவி இறந்து கணவர் இருந்தாலும் இதே கணக்குதான். 1997இல் திருத்தம் வரும் வரை மனைவியின் சொத்து முழுவதும் கணவருக்கே போனது!

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் பெரிய சிக்கல். 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த திருமணமென்றால், பதிவுச் சான்றிதழ் இல்லாமல் ‘நான்தான் மனைவி’ என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏற வேண்டிவரலாம்.

சில விஷயங்கள் இந்தக் கணக்கில் வராது. தோட்ட வீடு கம்பெனியுடையது. கேமரன்மலையில் பலர் காய்கறி பயிரிடும் தோல் நிலமும் வாரிசுக்கு வராது. அந்த உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது, உரியவர் இறந்தால் அன்றே முடிந்துவிடும். ஊழியர் சேமநிதிப் பணம், பெயர் குறிப்பிட்டிருந்தால் அவருக்கே நேராகப் போகும். சொக்சோவின் வாரிசு ஓய்வூதியத்தில் துணைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு.

உயிலுக்கு 2 சாட்சிகள் தேவை. சாட்சிக்கோ சாட்சியின் துணைக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அது செல்லாது. ஆகவே மகனையோ மருமகளையோ சாட்சியாகப் போடக்கூடாது. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உயில் இல்லாமல் நிலம், வீடு விட்டுச் சென்றவரின் சொத்து 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால் (2024 ஜூலை வரை இது 20 லட்சம்) உயர் நீதிமன்றம் போகத் தேவையில்லை. சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் ‘போராங் ஏ’ மனு கொடுத்தால் விசாரணைக்கு வாரிசுகள் எல்லாரையும் அழைப்பார்கள். மாமியாரோ வளர்ந்த பிள்ளைகளோ தங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதென்றால், அங்கேயே சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பங்கை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது.