ஆபீஸில் திடீர் போதைப் பரிசோதனை: கம்பெனி கேட்டால் மறுக்க முடியுமா?

மறைமலைநகர் தொழிற்பேட்டையோ, பக்கத்திலுள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியோ, வேலைக்குச் சேரும்போது மெடிக்கல் செக்கப் என்பது வழக்கம்தான். ரத்தம், கண் பார்வை, எக்ஸ்ரே என்று போகும் அந்தப் பட்டியலில், சில வேலைகளுக்கு சிறுநீர் போதைப் பரிசோதனையும் உண்டு. வெளிநாட்டு க்ளையன்ட்டுகளுக்கு வேலை செய்யும் ஐடி ஊழியர்கள் பலருக்கு இது பழகிய விஷயம். சரி, வேலையில் சேர்ந்த பிறகு திடீர்னு ஒருநாள் ‘சாம்பிள் கொடுங்க’ என்று கேட்டால்?

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் ஊழியர்கள் எல்லோருக்கும் போதைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அதைத் தடுக்கும் தனிச் சட்டமும் இல்லை. ஆக, ஆஃபர் லெட்டரிலும் கம்பெனி பாலிசியிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். படிக்காமல் போட்ட கையெழுத்தும் சம்மதம்தான். மறுக்கலாம், ஆனால் ‘பாலிசியை மீறினார்’ என்று நடவடிக்கை வரலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசுக்கு எதிரான கேடயம். தனியார் கம்பெனியை அதே வேகத்தில் கேள்வி கேட்பது எளிதல்ல.

எங்கே கட்டாயம்?

விமானத் துறையில். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதி 2022 ஜனவரி 31-ல் அமலுக்கு வந்தது. விமானிகள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களில் குறைந்தது 10% பேரை ஆண்டுதோறும் முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். கஞ்சா, கோகைன், ஓபியம் வகைகள், ஆம்ஃபெட்டமைன் போன்றவை பட்டியலில் உள்ளன.

முதல் சோதனையில் பாசிட்டிவ் என்றால் பணியிலிருந்து விலக்கிவைத்து, உறுதிப்படுத்தும் சோதனை செய்வார்கள். அதிலும் பாசிட்டிவ் என்றால், முதல் முறை மறுவாழ்வு சிகிச்சை. இரண்டாம் முறை 3 ஆண்டுகள் லைசென்ஸ் முடக்கம். மூன்றாம் முறை ரத்து. அதாவது, முதல் தவறிலேயே வேலை போய்விடாது.

பஞ்சாபில் 2018 ஜூலையில் அப்போதைய முதல்வர் அமரீந்தர் சிங், போலீஸ் உட்பட அரசு ஊழியர்கள் அனைவருக்கும் ‘டோப் டெஸ்ட்’ என்று உத்தரவிட்டார். ‘அப்போ அமைச்சர்கள், எம்எல்ஏக்களுக்கு?’ என்று ஊழியர் சங்கங்கள் திருப்பிக் கேட்டன.

பாசிட்டிவ் என்றால் போதையில் வேலை பார்த்தார் என்று அர்த்தமா?

இல்லை. சிறுநீர்ச் சோதனை காட்டுவது, போதைப்பொருள் உடலில் சிதைந்த பிறகு மிஞ்சும் தடயத்தை. தொடர்ந்து கஞ்சா பயன்படுத்துபவருக்கு அது வாரக்கணக்கில்கூட இருக்கும். இப்போது நிதானமாக இருக்கிறாரா என்பதை அது சொல்லாது.

விரைவுச் சோதனைகள் தவறவும் செய்யும். சளி மாத்திரை சில நேரம் ஆம்ஃபெட்டமைன்போலக் காட்டும். கோடின் கலந்த இருமல் மருந்தும், ஏன், குருமாவில் போடும் கசகசாவும்கூட ஓபியம் வகைச் சோதனையில் பாசிட்டிவ் காட்டலாம்.

மது சோதனையிலும் இதே சிக்கல்தான். 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசு பஸ் டெப்போவில் குடிக்காத டிரைவர்கள் ஊதியும் மெஷின் ‘குடித்திருக்கிறார்’ என்றது. காரணம், பலாப்பழம்! ஜீரோ காட்டிய ஊழியரைப் பழம் சாப்பிடவைத்து மறுபடி ஊதச் சொன்னபோது அவருக்கும் ரீடிங் ஏறியது.

அரசு உதவி வாங்குபவர்களுக்கும் சோதனையா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணம் 2011-ல் இதைச் செய்துபார்த்தது. நிதியுதவி கேட்டு சோதனைக்கு வந்த 4,086 பேரில் பாசிட்டிவ் 108 பேர், அதாவது 2.6%. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் எல்லோரையும் சோதிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத்தொகைக்கு வருமானம், நிலம், மின் பயன்பாடு பார்க்கப்படுகின்றன. போதைப் பரிசோதனை கிடையாது.

உங்களிடம் சாம்பிள் கேட்டால்?

* பாலிசியை எழுத்தில் கேளுங்கள். யார், எப்போது, எதற்காகச் சோதிக்கப்படுவார்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.
* சாப்பிடும் மருந்துகளை சோதனைக்கு முன்பே சொல்லி, மருந்துச்சீட்டைக் காட்டுங்கள்.
* சாம்பிளை உங்கள் கண்ணெதிரே சீல் வைக்கச் சொல்லுங்கள்.
* பாசிட்டிவ் என்றால் உறுதிப்படுத்தும் லேப் சோதனையை மெயிலில் கேளுங்கள்.
* உண்மையிலேயே பழக்கம் இருந்தால் 14446 என்ற இலவச எண்ணில் உதவி கேட்கலாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்து விலக்குக்கு வழிசெய்கிறது.

நிரந்தரத் தொழிலாளி என்றால் விளக்கம் கேட்பார்கள், விசாரணை நடக்கும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு? ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்ற ஒரு போன் கால் போதும். இரண்டாவது சோதனை கேட்கும் வாய்ப்பே அவருக்கு இருக்காது. கிரேன் ஓட்டுபவரும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரும் நிதானமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் விமானிக்குக் கிடைக்கும் மறுபரிசோதனையும் சிகிச்சை வாய்ப்பும் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.