பாவில் இருந்த தண்ணீர் எங்கே போயிற்று?

குழந்தைகளே! திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. நெசவுக்குப் பேர் போன ஊர். இன்று விசைத்தறிகள் பெருகிவிட்டன. ஆனாலும் கைத்தறிக்காரர் பாவு உலர்த்தும் வேலையில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. கேளுங்கள்.

துணியின் நீளவாட்டில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். தறியில் அறுந்து போகாமல் இருக்க அதற்குக் கஞ்சி போடுவார்கள். பிறகு தெருவிலே நீளமாக இழுத்துக் கட்டி உலர விடுவார்கள். காலையில் ஈரமாக இருந்த நூல், வெயில் ஏறியதும் விறைப்பாகிவிடும். கஞ்சியின் மாவு நூலில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் எங்கே போயிற்று? யாரும் குடிக்கவில்லையே!

அது ஆவியாகிக் காற்றோடு கலந்துவிட்டது. தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் கொதிக்காமலே, மேற்பரப்பிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களின் கூட்டம். 0 டிகிரியில் உறைந்து பனிக்கட்டியானால், துகள்கள் அணிவகுத்து, நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். அது திடப்பொருள். தண்ணீராக இருக்கும்போது ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு ஓடும். அது திரவம். ஆவியானால் தனித்தனியே பறந்து திரியும். அது வாயு. பொருள் ஒன்றே, வேஷம் மூன்று! வேஷத்தை மாற்றுவது வெப்பம்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் நெசவாளருக்குக் கவலைதான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பாவு எளிதில் உலராது. பாவு உலராவிட்டால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் கூலி ஏது? நமக்குப் பள்ளிக்கூடப் பாடமாக இருப்பது அவர்களுக்கு வயிற்றுப் பாடு.

பறந்துபோன தண்ணீர் அழிந்துவிடவில்லை. ஆவி உயரே சென்று குளிர்ந்து மேகமாகிறது; மழையாகப் பொழிகிறது. அந்தப் பக்கத்து மழைநீர் கொசஸ்தலை ஆற்றில் ஓடி, 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தைச் சேருகிறது. சென்னை மக்கள் அதைக் குடிக்கிறார்கள்.

நம்பிக்கை வரவில்லையா? ஓர் உலர்ந்த தம்ளரில் பனிக்கட்டியும் தண்ணீரும் போட்டு வையுங்கள். சற்று நேரத்தில் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்க்கும். தம்ளர் ஒழுகவில்லை! காற்றில் இருந்த ஆவிதான் குளிர் பட்டதும் மீண்டும் தண்ணீராயிற்று. யார் கண்டது, அதில் ஒரு துளி ஏதோ ஒரு பாவை விட்டுப் பறந்ததாகவும் இருக்கலாம்!