தீவிர சிகிச்சையில் மனக்குழப்பம்: உயிர் பிழைத்த பின்னும் தொடரும் பாதிப்பு

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையுடன் இருக்கும் நோயாளிகளில் பலர் நாளும் இடமும் மறந்து, உறவினரை அடையாளம் காண முடியாமல், இல்லாத உருவங்களைக் கண்டு அஞ்சும் நிலைக்கு ஆளாகின்றனர். மருத்துவர்கள் இதனை டெலிரியம் என்று அழைக்கின்றனர். திடீரெனத் தோன்றி, ஒரே நாளில் கூடியும் குறைந்தும் காணப்படும் மனக்குழப்பம் இது. கடுங்காய்ச்சல் கண்டவர் பிதற்றுவதை ஜன்னி என்று தமிழில் கூறும் வழக்கமும் இந்நிலையை ஒட்டியதே.

நோய் தீர்ந்தால் குழப்பமும் தானே தீர்ந்துவிடும் என்ற கருத்தே மருத்துவமனைகளில் நெடுங்காலம் நிலவிவந்தது. ஆனால் 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் வெளிவந்த ஆய்வுகள் இந்தக் கருத்தை மாற்றியுள்ளன. இதயமோ சிறுநீரகமோ செயலிழப்பதைப் போன்றே, மூளையின் செயலிழப்பாக இது இப்போது கருதப்படுகிறது.

அமைதியும் ஓர் அறிகுறி

டெலிரியம் என்றதும், குழாய்களைப் பிடுங்கி எறிந்து கூச்சலிடும் நோயாளியே பலரின் நினைவுக்கு வருகிறார். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதிகம் காணப்படுவது அதற்கு நேர்மாறான வகையாகும். நோயாளி சோர்ந்து, எதிலும் கவனமின்றிக் கிடப்பார். தொல்லை தராத நோயாளி என்று கருதப்படுவதால், அவரது குழப்பம் பல நேரங்களில் கண்டறியப்படுவதே இல்லை.

இந்தக் குறையைப் போக்க, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் வெஸ்லி ஈலி தலைமையிலான குழுவினர் 2001ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனை முறையை வெளியிட்டனர். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாதவர்களையும் இதன் மூலம் சோதிக்கலாம். தாதி எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசிக்க, குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் நோயாளி அவரது கையை அழுத்த வேண்டும். கல் நீரில் மிதக்குமா என்பது போன்ற எளிய கேள்விகளும் கேட்கப்படுகின்றன. சில நிமிடங்களில் இது முடிந்துவிடும்.

இக்கேள்விகள் நோயாளிக்குப் புரியும் மொழியில் கேட்கப்பட வேண்டியது அவசியம். வேற்றுமொழி பேசும் நாடொன்றில் சிகிச்சை பெறும் தமிழ் முதியவர் ஒருவர் பதிலளிக்காதபோது, அதற்குக் காரணம் மொழியா, மனக்குழப்பமா என்பதைப் பிரித்தறிவது மருத்துவப் பணியாளருக்குக் கடினம்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

வாண்டர்பில்ட் குழுவினர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், செயற்கைச் சுவாசம் பெற்ற 224 நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு டெலிரியம் ஏற்பட்டிருந்தது. அவர்களில் 34 சதவீதத்தினர் ஆறு மாதங்களுக்குள் உயிரிழந்தனர். டெலிரியம் ஏற்படாதவர்களில் இந்த விகிதம் 15 சதவீதமாக இருந்தது. நோயின் கடுமை, வயது போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் மரண அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காகவே காணப்பட்டது.

2013ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, 821 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. ஓராண்டு கழிந்த பின்னரும், சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரது அறிவாற்றல், லேசான அல்சைமர் நோய் கண்டவர்களின் அளவிலேயே இருந்தது. முதியவர்கள் மட்டுமன்றி இளையவர்களும் இதில் அடங்குவர். குழப்பம் நீடித்த நாட்கள் கூடக்கூட, பிற்காலப் பாதிப்பும் கூடியது.

மருந்தால் தீரவில்லை

டெலிரியத்துக்கு நீண்டகாலமாக வழங்கப்பட்டுவந்த மருந்து ஹாலோபெரிடால். ஆனால் அமெரிக்காவில் 566 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், அதற்கும் வெறும் போலி மருந்துக்கும் இடையே பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோயாளியை அமைதிப்படுத்த வழங்கப்படும் பென்சோடயசெபின் வகை மருந்துகளோ, டெலிரியம் ஏற்படும் அபாயத்தை அதிகரிக்கின்றன.

பலன் தருபவை எளிய நடவடிக்கைகளே. உறக்கமூட்டும் மருந்தைக் குறைத்தல், இரவில் ஒளியையும் ஓசையையும் தணித்தல், மூக்குக் கண்ணாடியையும் செவிப்புலக் கருவியையும் நோயாளிக்குத் திரும்ப அணிவித்தல், அவரை விரைவில் எழுப்பி நடமாடச் செய்தல் ஆகியன இவற்றுள் அடங்கும். சிகாகோ, அயோவா ஆகிய இடங்களில் 104 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே உடற்பயிற்சி பெற்றவர்களில் 59 சதவீதத்தினர் தமது அன்றாடக் காரியங்களைத் தாமே செய்யும் நிலையில் வீடு திரும்பினர். ஏனையோரில் இது 35 சதவீதம் மட்டுமே.

உறவினரின் பங்கு

கோவிட் பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020ஆம் ஆண்டில், பல நாடுகளின் மருத்துவமனைகள் உறவினருக்குக் கதவடைத்தன. அக்காலத்தில் 14 நாடுகளில் தீவிர சிகிச்சை பெற்ற 2,088 நோயாளிகள் பற்றிய ஆய்வு 2021ஆம் ஆண்டில் வெளியானது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு டெலிரியம் ஏற்பட்டிருந்தது. உறவினரையோ நண்பரையோ நேரிலோ காணொளி மூலமோ சந்தித்தவர்களிடம் அந்த அபாயம் 27 சதவீதம் குறைவாக இருந்தது குறிப்பிடத்தக்கது.

ஆகவே, பார்வை நேரத்தை வரையறுப்பதும், ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள் என்று தீர்மானிப்பதும் வெறும் நிர்வாக விவகாரங்கள் அல்ல. நோயாளியின் மூளை நலனோடு தொடர்புடைய முடிவுகள் அவை.

உறவினரும் செய்யக்கூடியவை உண்டு. இவர் வழமையாக இப்படி இருப்பவரல்லர் என்பதை முதலில் உணரக்கூடியவர்கள் அவர்களே. அதனை உடனே தாதியிடம் தெரிவிக்க வேண்டும். நோயாளி கூறும் விபரீதக் காட்சிகளை மறுத்து வாதிடாமல், அவர் இருக்கும் இடத்தையும் நாளையும் தாய்மொழியில் அமைதியாக நினைவூட்டலாம். வீடு திரும்பிய பின்னர் மறதியோ கவனக்குறைவோ தொடருமானால், அதனை முதுமையின் இயல்பென்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் எடுத்துரைப்பது நல்லது.