முத்துக்குமார் ‘முத்துக்கு’ ஆனது எப்படி? தமிழில் வெப்சைட் செய்பவர்கள் கவனிக்க!

டோக்கன் திரையிலோ பில்லிலோ ‘செந்தில்’ என்ற பெயர் புள்ளி தொலைந்து ‘செந்தில’ என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முத்துக்குமார் இன்னும் பாவம். பத்து இடம்தான் என்றால் அவர் ‘முத்துக்கு’ ஆகிவிடுவார். டைப் செய்தவர் தப்பு என்று நினைப்போம். பெரும்பாலும் தப்பு புரோகிராமில்.

நமக்கு முத்துக்குமார் ஏழு எழுத்து. யூனிகோடுக்கு 14. ‘மு’ என்றால் ‘ம’ ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளிக்கும் தனிக் கணக்கு. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 42. ஆங்கிலப் பழக்கத்தில் பெயருக்கு 30 பைட் ஒதுக்கினால், சரியாக ‘முத்துக்கு’வில் வெட்டு விழும். எஸ்.எம்.எஸ்ஸிலும் இதே கதைதான். ஆங்கிலத்துக்கு 160, தமிழ் கலந்தால் 70. அந்த எழுபதும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்த்து!

எனவே, ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘லெங்த்’ பார்த்துப் பெயரை வெட்டாதீர்கள். எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தர ‘இன்டல் செக்மென்டர்’ இருக்கிறது. பைத்தானில் ‘ஓப்பன் தமிழ்’ நூலகத்தின் ‘கெட் லெட்டர்ஸ்’ உதவும். (செக்மென்டர் ‘ஸ்ரீ’யை இரண்டாக எண்ணும். ஸ்ரீதர்கள் மன்னிக்கவும்.)

வெட்டுப்பட்ட பெயராவது கண்ணுக்குத் தெரியும். தேடலில் வரும் சிக்கல் தெரியவே தெரியாது. ‘கோமதி’யின் ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. ஆனால், பதிவில் ஒரு விதம், தேடுவது வேறு விதம் என்றால், ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் வரும். கவுன்ட்டரில் அடையாள அட்டையோடு கோமதி நின்றுகொண்டிருப்பார்!

இதற்குத் தீர்வு ஒரே வரி. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் பெயரை ‘நார்மலைஸ்’ செய்து, என்.எஃப்.சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஏற்கெனவே சேமித்த பழைய பெயர்களையும் ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால், ‘கௌதம்’ இதற்கு மசியமாட்டார். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ‘ள’வும் போட்டு ‘கெளதம்’ என்று டைப் செய்பவர்கள் ஏராளம். கம்ப்யூட்டருக்கு இவர் வேறு ஆள். கொம்பும் ‘ள’வும் வரும் இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘வெள்ளி’, ‘வெளி’ எல்லாம் சிதைந்துவிடும். தேடும்போது மட்டும் இரண்டு விதமாகவும் தேடச் செய்வதே பாதுகாப்பு.

மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. அதன் பழைய ‘யூடிஎஃப்8’ 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதில் நன்றாகவே ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. யாராவது வாழ்த்தோடு ஒரு கேக் எமோஜி அனுப்பும் நாளில்தான் மாட்டிக்கொள்வீர்கள். எமோஜிக்கு 4 பைட். தொடங்கும்போதே ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று வைத்துவிடுங்கள்.

அடுத்தமுறை சோதித்துப் பார்க்க ‘டெஸ்ட்1’, ‘டெஸ்ட்2’ வேண்டாம். முத்துக்குமார், கோமதி, கௌதம், ஸ்ரீதர் நால்வரையும் உள்ளே அனுப்பிப் பாருங்கள்.