ஒருமுறை சரி, மறுமுறை தவறு!

நெய்வேலிக்குச் சென்றவர்கள் அங்குள்ள திறந்தவெளிச் சுரங்கத்தைக் கண்டு வியந்திருப்பீர்கள். பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957-இல் மண்ணைத் தோண்டும் வேலை தொடங்கியது. 1961-இல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது! அந்த அளவுக்கு மண் மூடியிருந்தது. பக்கெட் வீல் எனப்படும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் அங்கே மண்ணையும் கரியையும் வெட்டுகின்றன. வெட்டியதைச் சுமந்து செல்பவை கன்வேயர் பெல்ட்டுகள்.

இத்தகைய பெல்ட்டுகளின் ஓரத்தில் காவல் சுவிட்சுகள் வைப்பது வழக்கம். பெல்ட் தன் பாதையிலிருந்து விலகினால் ஒரு சுவிட்சு அதை உணர்ந்து ஓட்டத்தை நிறுத்திவிடும். இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். அந்தச் சுவிட்சு திடீரென்று பெல்ட்டை நிறுத்துகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மறுநாளும் அப்படியே. சுவிட்சில் தூசி புகுந்திருக்கலாம், கம்பி தளர்ந்திருக்கலாம். அல்லது பெல்ட் உண்மையாகவே எப்போதோ ஒரு கணம் விலகித் திரும்பியிருக்கலாம். எது உண்மை?

"இந்தச் சுவிட்சு இப்படித்தான்" என்று எல்லோரும் பழகிப்போனால் என்ன ஆகும்? "புலி வருது, புலி வருது" என்று கத்திய சிறுவனின் கதைதான்! மெய்யாகவே புலி வரும் நாளில் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

கணிப்பொறிக்கும் இதே தொல்லை

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோருக்கும் இதே தொல்லை உண்டு. மூன்று பாடங்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காணும் நிரல் ஒன்றை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது சரியா என்று எப்படி அறிவது? 70, 80, 90 என்று கொடுத்து, விடை 80 வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சரிபார்த்தலையும் இன்னொரு நிரலே செய்யும்படி அமைத்துவிடலாம். அதுவே தானியங்கிச் சோதனை. பெரிய மென்பொருள்களுக்கு இத்தகைய சோதனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் அவை மீண்டும் ஓடும்.

இவற்றுள் சில விசித்திரமானவை. நிரலிலும் மாற்றமில்லை, சோதனையிலும் மாற்றமில்லை. ஆனால் காலையில் "சரி" என்கிறது, மாலையில் "தவறு" என்கிறது! இதனை ஃப்ளேக்கி டெஸ்ட் என்பர். நாம் நிலையற்ற சோதனை என்று அழைக்கலாம். கூகுள் நிறுவனத்தின் சோதனைகளில் ஏறக்குறைய 16 விழுக்காட்டில் இக்குறை ஓரளவேனும் இருந்ததாக 2016-இல் அந்நிறுவனமே தெரிவித்தது.

காரணங்கள் யாவை?

முதற்காரணம் காத்திருத்தல். குக்கரில் அரிசி வைத்த அம்மா விசிலை எண்ணி அடுப்பை அணைக்கிறார். விசிலைக் கவனியாமல், "பத்து நிமிடம் ஆயிற்று, வெந்திருக்கும்" என்று இறக்கினால்? தீ குறைவாக எரிந்த நாளில் சோறு வேகாது. நிலையற்ற சோதனை பலவும் இப்படித்தான் கடிகாரத்தை நம்பி ஏமாறுகிறது. கணிப்பொறிக்கு வேறு வேலைகள் மிகுந்த நேரத்தில் விடை வரத் தாமதமாகும். சோதனையோ அதற்குள் "தவறு" என்று எழுதிவிடும். மருந்து, விசிலுக்குக் காத்திருப்பதே! அதாவது, வேலை முடிந்ததற்கான அடையாளத்தைப் பார்த்த பின்பே விடையைச் சோதிக்க வேண்டும். 2014-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகளைத் திருத்திய குறிப்புகளை வகைப்படுத்தினர். அவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை இந்தக் காத்திருப்புக் கோளாறுகளே.

இரண்டாவது, துடைக்காத கரும்பலகை. முந்தைய வகுப்பின் கணக்கு பலகையில் அப்படியே இருந்தால் அடுத்த வகுப்பு குழம்பும் அல்லவா? ஒரு சோதனை விட்டுச் சென்ற தகவல் அடுத்த சோதனையைக் கெடுக்கும். சோதனைகளின் வரிசை மாறினால் விடையும் மாறும். ஒவ்வொன்றும் துடைத்த பலகையில் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, தேதி. பல கணிப்பொறிகள் உலகப் பொதுநேரத்தைப் பின்பற்றுகின்றன. நமது நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5.30 வரை நமக்கு ஒரு தேதி, அந்தக் கணிப்பொறிக்கு முந்தைய தேதி! பகலெல்லாம் வெற்றி பெறும் சோதனை பின்னிரவில் தோற்பதன் இரகசியம் இதுவாக இருக்கலாம்.

நான்காவது, ஒரே பதிவேட்டில் இருவர் எழுதுதல். கணக்கில் 500 ரூபாய் இருக்கிறது. இரண்டு எழுத்தர்கள் ஒரே நேரத்தில் 500 என்று படிக்கிறார்கள். ஆளுக்கு 100 ரூபாய் வரவு சேர்த்து, இருவரும் 600 என்றே எழுதுகிறார்கள். 700 இருக்க வேண்டிய இடத்தில் 600! ஒருவர் சற்றுப் பிந்திப் படித்திருந்தால் விடை சரியாகவே வந்திருக்கும். இங்கே குறை சோதனையில் இல்லை. நிரலில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மீண்டும் ஓட்டினால் போதாதா?

"தவறு என்றால் மறுபடி ஓட்டிப் பார், மூன்றில் ஒருமுறை சரி வந்தாலும் போதும்" என்பது சிலரது வழி. கணக்கிட்டுப் பார்ப்போம். நிரலில் உள்ள ஒரு பிழை பத்து முறைக்கு ஒருமுறை தலைகாட்டுகிறது. மூன்று முறையும் தொடர்ந்து தோற்றால்தான் அது பிடிபடும். அதற்கான வாய்ப்பு 1/10 × 1/10 × 1/10, அதாவது ஆயிரத்தில் ஒன்று! திருடன் தப்பிக்க நாமே கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

சும்மா விடுவதும் ஆபத்தே. 1000 சோதனைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆயிரம் முறைக்கு ஒருமுறை காரணமின்றித் தோற்கும் என்று கொள்வோம். எல்லாம் ஒருசேர வெற்றி பெறும் வாய்ப்பு ஏறக்குறைய 37 விழுக்காடுதான். நாள்தோறும் பொய்ப் புலி வந்துகொண்டேயிருக்கும்.

அனல் மின் நிலையங்களில் முக்கியமான அளவீடுகளுக்கு மூன்று கருவிகள் வைத்து, இரண்டு ஒத்துச் சொன்னால் ஏற்கும் முறை உண்டு. அது வேறு. அங்கே மூவரும் தனித்தனிச் சாட்சிகள். இங்கோ, ஒரே சாட்சியை நமக்குப் பிடித்த பதில் வரும் வரை கேட்கிறோம்!

உயிரைக் குடித்த பிழை

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் இயந்திரம். 1985 முதல் 1987 வரை அது ஆறு பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சைத் தந்தது. 1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டைலர் நகர மருத்துவமனையில் ஒரு நோயாளி பாதிக்கப்பட்டார். பொறியாளர்கள் சோதித்தனர், கோளாறு மறுபடி தோன்றவில்லை. இயந்திரம் மீண்டும் இயங்கியது. ஏப்ரலில் இன்னொருவர் பாதிக்கப்பட்டார். இருவரும் பின்னர் இறந்தனர்.

அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் விடவில்லை. இயந்திரத்தை இயக்கியவருடன் அமர்ந்து, நடந்தவற்றை அப்படியே திரும்பத் திரும்பச் செய்தார். இரகசியம் வெளிப்பட்டது! தட்டச்சு செய்த விவரத்தை ஏறக்குறைய 8 வினாடிக்குள் விரைந்து திருத்தினால் மட்டுமே கோளாறு நேர்ந்தது. நிதானமாகச் சோதித்தவர்களுக்கு அது அகப்படாததில் வியப்பில்லை.

எனவே நல்ல நிரலாளர் என்ன செய்கிறார்? தோற்ற நேரம், வரிசை, இயந்திரம் அனைத்தையும் குறித்து வைக்கிறார். ஐயத்துக்குரிய சோதனையைத் தனியே பிரித்து, திருத்தக் கெடு வைக்கிறார். நூற்றுக்கணக்கான முறை ஓட்டிக் கோளாற்றை வேண்டுமென்றே வரவழைக்கிறார். காரணம் தெரிந்த பின்பே திருத்துகிறார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். வீட்டில் டார்ச் விளக்கு சில வேளை மட்டும் எரிகிறதா? உடனே தட்டாதீர்கள். தட்டினால் எரியும், காரணம் மறைந்துவிடும். மின்கலம், சுருள்வில், பல்பு, சுவிட்சு என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை ஏற்றி அணைத்து, எத்தனை தடவை எரிந்தது என்று எழுதுங்கள். உங்கள் குறிப்பேடே குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும்.